வெயிலில் வைத்த எஞ்சின்

2025 மே 9, வெள்ளி. காலை 5.40.
போட் மூன்று. லைஃப் ஜக்கெற் பதினாலு, அதில் கொளுக்கி பூட்ட ஏலாதது ஐந்து. முதலாளிக்குச் சொன்னேன். "பார்ப்பம்." போன மாதமும் பார்ப்பம்தான்.

காற்று இல்லை. களப்புத் தண்ணி எண்ணெய் ஊற்றினமாதிரிக் கிடக்கு. பத்து மணிக்குமேல் கச்சான் காற்று எழும்பும்.

களப்பில் தூண்டில் போட வருகிற ஆட்களுக்கு அறிவுறுத்தல் பலகை ஒன்று எழுதித் தா என்றவர் முதலாளிதான். நேற்றுப் பின்னேரம் முழுக்க இருந்து எழுதினது:

– நங்கூரம் முன்பக்கம் மட்டும். பின்னுக்குக் கட்டவே கூடாது.
– நங்கூரக் கயிறு ஆழத்தைப்போல ஐந்து மடங்கு. குறைந்தால் பிடிக்காது.
– தண்ணி கடலுக்கு இழுக்கிற நேரம் பாலத்தடியில் நிற்கக்கூடாது.
– ஒருவர் எழும்பி வீசினால் மற்றவர்கள் இருக்க வேண்டும்.
– தூண்டிலில் கொடுவா மீன் கொளுவினால் எல்லாரும் அந்தப் பக்கம் பாயக்கூடாது.
– போட் கவிழ்ந்தால் கரைக்கு நீந்தாதே. போட்டைப் பிடி.
– குப்பை போடாதீர்கள்.

முதலாளி வாசித்துவிட்டு: "தம்பி, வாற சனம் சந்தோசமா இருக்க வருது. கவிழும், முழுகும் எண்டு எழுதினா ஆர் ஏறுவான்?" பேனை எடுத்து வெட்டினார். மிஞ்சினது "குப்பை போடாதீர்கள்." கீழே தன் கையால் "மகிழுங்கள்" என்று சேர்த்தார்.

எஞ்சின் டிப்ளோமா இதுக்குத்தான் படித்தது.

மத்தியானம்.
ஜும்மாவுக்குப் போக முதல், போட் ஓட்டி ரியாஸ் கொழும்பு ஆட்கள் மூன்று பேரைக் கொண்டுவந்து இறக்கினான். பார்த்தால் நங்கூரக் கயிறு பின் வளையத்தில். போட் முதலாளியின்ர, எஞ்சின் ரியாசின்ர. பதினைஞ்சு குதிரை வலு, அவனுடைய கலியாணத்துக்கு மாமனார் கொடுத்தது. அந்த எஞ்சின் பாரம், ஓட்டியின் பாரம் எல்லாம் பின்னுக்கு. தண்ணிக்கு மிகக் கிட்ட இருக்கிறதும் அந்தப் பின்பலகைதான். அங்கேயே நங்கூரத்தையும் கட்டி இழுக்க விட்டால் தண்ணி உள்ளே வராமல் என்ன செய்யும்?

கேட்டேன். சத்தமாகத்தான்.
"மாடு கட்டுறதெண்டு நினைச்சியோ? மூளை இருக்கோ உனக்கு?"
"முன்னுக்கு கயிறு கிடந்தா வாற சேர்மாரின்ர தூண்டில் சிக்குது மச்சான். பிறகு வேற போட்டுக்குப் போயிருவாங்க."
"சிக்கட்டும். செத்தா எந்த போட்டுக்குப் போவாங்கள்?"
மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருத்தன் ஃபோனில் வீடியோவும் எடுத்தான். ரியாஸ் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனான்.

சரியைத்தானே சொன்னேன்.

மே 10, சனி.
லீவு. அன்புவழிபுரம், வீடு. தண்ணி மோட்டருக்கு வாஷர் மாற்றினேன். அம்மா: "ஊரான்ர எஞ்சின் எல்லாம் திருத்துறாய், குசினி லைற்றைப் பார்க்க உனக்கு ஏலாது." அதையும் பார்த்தேன்.
ஃபோன் நாள் முழுக்கப் பக்கத்தில். ஒருத்தரும் கூப்பிடவில்லை. நல்ல நாள் என்று நினைத்தேன். மடையன்.

மே 11, ஞாயிறு.
ஆறரைக்கு இறக்கக்கண்டி, வேலைக்கு. துறையில் ஒரு போட் குறைய நின்றது. காவல்காரர் சொல்லித்தான் தெரியும்: நேற்றுக் காலை பத்து மணிபோல ரியாசின் போட் தண்ணிக்குள் தாண்டுபோனது. பாலத்தடி. பௌர்ணமி கிட்ட, இழுவை கூட. நங்கூரம் பின்னுக்கு. பக்கத்தால் ஒரு பெரிய போட் வேகமாகப் போக, அந்த அலை பின்பலகைக்கு மேலால் ஏறியிருக்கிறது. ஏறியிருந்த மூன்று பேரையும் ரியாஸ் இழுத்துக் கரை சேர்த்தான். மத்தியானத்துக்கு முதல் போட்டைப் பாலத்தடிக் கரையில் ஏற்றி, எஞ்சினைக் கழற்றிக் கொண்டுபோனார்களாம்.

அவன் வீட்டுக்கு ஓடினேன். முற்றத்தில் தறப்பாள் விரித்து, அதற்குமேல் எஞ்சின். மூடி கழற்றி, நல்ல வெயிலில். நேற்று முழுக்க அப்படியே. கருவாடு மாதிரி.

உப்புத் தண்ணி குடித்த எஞ்சினை வெளியே எடுத்து நல்ல தண்ணியால் கழுவி, பிளக் கழற்றி, எண்ணெய் விட்டு, அன்றைக்கே ஓட்டிவிட வேண்டும். ஏலாவிட்டால் கிணற்றுத் தண்ணி நிரப்பின பரலுக்குள் திரும்ப அமிழ்த்தி வைக்க வேண்டும். காற்றுப் பட்டால்தான் துரு. வெயில் பட்டால் இன்னும் சுறுக்கா.

"ஆர் இதை வெயிலில வைக்கச் சொன்னது?"
"முதலாளிதான். ஈரம் காய்ஞ்சா ஸ்டார்ட் வரும் எண்டார்."
"எனக்கு ஏன் ஃபோன் அடிக்கேல்லை?"
ரியாஸ் கதிரையில், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தான். என்னைப் பார்க்கவில்லை. "அடிச்சா முதல்ல ஏச்சு. பிறகுதானே எஞ்சின். ஒருக்கா வாங்கினது போதும் எண்டு விட்டன்."

பரலில் தண்ணி நிரப்பச் சொன்னேன். அவனுடைய மாமனார் சிரித்தார். "முழுகினதைத் திரும்பவும் முழுக வைக்கப் போறாராம் இஞ்சினியர்." அவரோடும் சண்டை பிடித்தேன். பிந்திவிட்டது என்று எனக்கும் தெரியும், ஆனாலும் உப்பாவது கழுவுப்படட்டும்.

பிளக் கழற்றினேன். உள்ளே வெள்ளை உப்பு, அதற்குமேல் செம்மண் நிறம். ஸ்டார்ட் பண்ணுகிற இழுகயிறு அசையவில்லை. மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றி விட்டிருக்கிறேன். நாளை வரை ஊறட்டும்.

சாமான் கட்டும்போது ரியாசின் மனுசி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. "தம்பி, வந்த நேரம் தொடக்கம் எஞ்சினையே பாக்கிறீங்க. அவருக்குக் காலில மட்டிச் சிப்பி வெட்டி ஏழு தையல். நீங்க இன்னும் கேக்கேல்லை."

தேத்தண்ணி குடிக்காமல் வந்துவிட்டேன்.

மே 12, திங்கள்.
வெசாக் பௌர்ணமி. டவுனில் ஸ்பெயார் கடை பூட்டு. புழுக்கம்.

முதலாளி காலையிலேயே: "புதன்கிழமை தொடக்கம் நிலாவெளியில இருந்து வேற ஓட்டி வாறான், சொந்த எஞ்சினோட. ரியாசுக்குச் சொல்லியாச்சு. எஞ்சின் இல்லாதவனுக்கு என்னத்துக்கு போட்?"
"வெயிலில வைக்கச் சொன்னது நீங்கள்."
"நங்கூரத்தைப் பின்னுக்குக் கட்டினது நானோ?"
"பலகையில எழுதினனான். நீங்கள் வெட்டினீங்கள்."
"உமக்குக் கதை கூடிப்போச்சு."

பிறகு ரியாசின் வீடு. ஹெட் திறந்தேன். பிஸ்டனை மரக்கட்டை வைத்துத் தட்ட ஒரு விரலளவு இறங்கினது. ரியாஸ் நொண்டிக்கொண்டு எழும்பி வந்தான். அவன் முகம் வெளிச்சதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். அதோடு சரி, கீழ்ப் பேரிங் இரண்டும் அரைத்துக்கொண்டு நின்றுவிட்டன. தண்டிலேயே துரு தின்ற குழி.

"ஓடுமா மச்சான்?"
"ஓடாது."
வேறு என்ன சொல்கிறது. சனியன்று மத்தியானம் கூப்பிட்டிருந்தால் பின்னேரம் ஓட்டிக் காட்டியிருப்பேன். அதைச் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

அவன் எஞ்சின் மூடியை எடுத்துச் சீலையால் துடைத்து, திரும்பப் பூட்டினான். உள்ளே ஒன்றும் இல்லாததுக்கு மூடி. "மாமாட வள்ளம் இருக்கு. துடுப்பு போடலாம். கால் காயம் மாறட்டும்."

இனிச் செய்யிறது:

1. கியர்பெட்டியும் தண்ணி தள்ளுற காற்றாடியும் நல்லம். கழற்றி எண்ணெய் விட்டுச் சாக்கில் சுற்றி வைப்பது. அதே சாதி எஞ்சினில் மேல்பாகம் மட்டும் எங்கேயாவது கிடைத்தால் பொருத்தலாம். திருகோணமலை முழுக்க விசாரிப்பது.
2. நாளை ஆறு மணிக்கு முதல் முதலாளியின் மூன்று போட்டிலும் பின் வளையத்தைக் கழற்றுவது. கேட்டால், துரு என்று சொல்வது.
3. பலகையைத் திரும்ப எழுதுவது. "மகிழுங்கள்" இருக்கட்டும். வெட்டினது எல்லாம் அதற்கு மேலே, பெரிய எழுத்தில்.
4. புதிதாக ஒன்று சேர்ப்பது: தண்ணிக்குள் போன எஞ்சினை வெயிலில் வைக்காதே. நல்ல தண்ணியில் அமிழ்த்து. உடனே கூப்பிடு, ஏச மாட்டேன்.
5. பின்னேரம் ரியாசின் வீடு. எஞ்சின் பக்கம் போகாமல் நேரே கதிரையடிக்குப் போய், கால் எப்படி என்று கேட்பது.