மூன்றாவது படி

செவ்வாய், இரவு.

இன்று என் வாயாலேயே ஒருவரைக் கீழே தள்ளப் பார்த்தேன்.

ஷமீம் அக்கா குரோம்பேட்டையில் பிளவுஸ் தைப்பவர். தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் கூட்டம் நெருக்கி, படியில் உருண்டு விழுந்தார். அதிலிருந்து எந்தப் படியைப் பார்த்தாலும் கால் நடுங்குகிறது. அதற்காகத்தான் என்னிடம் ஹிப்னாஸிஸ் சிகிச்சைக்கு வந்தார். இதையெல்லாம் அவர் ஃபைலில் நானே எழுதி வைத்திருக்கிறேன்.

கண்ணை மூடினார். மூச்சு சீரானது. மயக்கநிலைக்குக் கொண்டுபோக எல்லோரிடமும் சொல்லும் படிக்கணக்கை என் நாக்கு பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டது. "பத்துப் படி இருக்கு. ஒவ்வொண்ணா இறங்குறீங்க. பத்து... ஒன்பது... எட்டு..."

மூன்றாவது படியில் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தார். கண்ணைத் திறந்தார்.

"மேடம், படி இறங்க முடியலன்னுதானே உங்ககிட்ட வந்தேன்?"

மன்னிப்புக் கேட்டேன். தண்ணீர் கொடுத்தேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். "எங்க இருந்தா உங்களுக்கு மனசு அமைதியா இருக்கும்?"

அவர் யோசிக்கவே இல்லை. "மெஷின்ல உக்காந்தா. நீளமா ஒரு தையல் ஓடும் பாருங்க, அப்ப எதுவுமே ஞாபகம் வராது."

ஒன்பது வருடமாக, வருகிறவர்களையெல்லாம் அதே படியில்தான் இறக்கியிருக்கிறேன். எத்தனை பேர் சொல்லாமலே... வேண்டாம், இன்று அது வேண்டாம்.

என் நோட்டில் அந்தப் படிக்கணக்கை எழுதி வைத்திருந்த பக்கத்தைக் கிழித்துவிட்டேன். வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லித்தான் போயிருக்கிறார். அன்று நான் எண்ணப்போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவர் மனசுக்குள் மெஷினை மிதிக்கட்டும். துணி எவ்வளவு நீளம் என்று அவரே சொல்லட்டும். நான் பின்னாலேயே போகிறேன்.