விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

என் ராசாவுக்கு,

சாப்பிட்டாயா? கடைத்தெருவில் நாம் வேலை பார்க்கும் கட்டடத்தைத்தான் இன்றும் வெளியூர்க்காரர்கள் அழகென்று படம் பிடிக்கிறார்கள்.

மாடிச் சுவரின் விரிசல் மேல் இன்ஜினியர் ஒட்டிய கண்ணாடித் துண்டு நேற்று உடைந்து கிடந்தது. நான்தான் பெருக்கி எடுத்து வைத்தேன். அது உடைந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தமாம். இன்று அங்கே புதுக் கண்ணாடி இருக்கிறது. முதலாளி சொல்லி நீதான் ஒட்டினாய் என்றார் காவலாளி. உன்னைப் போனில் கேட்டேன். "வாயை மூடிக்கிட்டு இரும்மா, கட்டடத்தைப் பூட்டிட்டா என் வேலை போயிடும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய்.

உன் அப்பா தலையில் இதே கட்டடத்துப் பால்கனி விழுந்தபோதும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

கீழே பதினோரு கடைகள் இருக்கின்றன. நாளை பத்து மணிக்குச் சுவரைப் பார்க்க அதிகாரி வருகிறார். நீயே சொல்லிவிடு கண்ணு. இல்லாவிட்டால் உடைந்த துண்டுகளோடு நான் படியில் நிற்பேன். யார் மாற்றியது என்று அவர் கேட்பார். உன் பெயரை என் வாயால் சொல்ல வைத்துவிடாதே.

உன் அம்மா