சிவப்பு ஏறும் இடம்

செக்காலை,
காரைக்குடி.
வியாழக்கிழமை.

அன்புள்ள பூஜா அப்பாவுக்கு,

நானும் பூஜாவும் நலம். நீங்கள் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை கேட்ட கேள்விக்கு இன்றுதான் பதில் எழுதுகிறேன். வீடியோவில் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெசேஜில் அடித்து அடித்து அழித்தேன். அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

பூஜாவுக்குச் சளி விட்டுவிட்டது. காலையில் நான் ஓடப் போகும்போது கீழ்வீட்டு வீரலட்சுமி அக்காதான் வைத்துக்கொள்கிறார். அவர் ஊட்டினால் இட்லி இறங்குகிறது, நான் ஊட்டினால் துப்புகிறாள்.

நீங்கள் பயந்து எடுக்கச் சொன்ன இ.சி.ஜி. எடுத்தாயிற்று. இதயத்தில் ஒரு குறையும் இல்லை, தாராளமாக ஓடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீங்கள்தான் நம்பவில்லை. எங்க அப்பாவும் நல்லாத்தான் இருந்தாரு, ஒரே நாள்ல நெஞ்சு வலியில போயிட்டாரு என்றீர்கள். லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், நான் வரும்வரை ஷூவைத் தொடாதே என்றீர்கள். அதற்குப் பிறகும் உண்மையைச் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை.

நீங்கள் வாங்கித் தந்த வாட்ச் இதயத் துடிப்பை ஐந்து மண்டலமாகப் பிரிக்கிறது, உச்சத்தில் இருப்பது சிவப்பு. புதிதாக ஓடுகிறவர்கள் இரண்டாவது மண்டலத்தில், பச்சையில், இருக்க வேண்டும் என்பது ஆன்லைனில் ஓட்டம் சொல்லித் தரும் மதுரை ரேணுகா மேடத்தின் பயிற்சி. மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், அதுதான் கணக்கு. அப்படி ஓடினால் நடப்பவர்களே நம்மைத் தாண்டிப் போவார்கள். மெதுவாக ஓடுவது இவ்வளவு வெட்கக்கேடு என்று யாரும் முன்னால் சொல்லவில்லை.

தினமும் ஒரே இடத்தில் துடிப்புக் கோடு சிவப்புக்கு ஏறுகிறதே, அங்கே மேடா என்று திங்கட்கிழமை கேட்டீர்கள். நம் ஊரில் ஏது மேடு? அது உங்கள் வீட்டு வாசல். உங்கள் போனில் துடிப்புக் கோடு மட்டும் தெரிகிற மாதிரி, நான் ஓடும் வழியை மறைத்து வைத்ததும் நான்தான்.

வேறு ரோடு இல்லாமல் இல்லை. பாலூட்டத் தெரியாதவள் என்று அத்தை தெருவில் சொன்னதற்காகத்தானே சித்திரையில் தனி வீடு வந்தேன்? நான் நன்றாக இருக்கிறேன் என்பதை அவர் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் அந்த வழி.

முதல் நாளே எதிர்வீட்டு முத்தையா மாமா பேப்பரை மடக்கிக்கொண்டு, "ஓடுறியாத்தா, நடக்குறியாத்தா? பஸ்ஸு அப்பவே போயிருச்சு, மெதுவாவே வா" என்றார். குழாயடியே சிரித்தது. அத்தையும் சிரித்தார். மறுநாளிலிருந்து மூலை திரும்பியதும் உயிரைக் கொடுத்து ஓடினேன். அந்த வேகத்தில் யார் கூப்பிட்டாலும் பதில் பேச முடியாது. எனக்கு வேண்டியதும் அதுதான். சொன்னால் சிரிப்பீர்கள், மூலை வருவதற்கு முன்பே வாட்ச் ஏற ஆரம்பித்துவிடும்.

சனிக்கிழமை அத்தை கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து, "ஏத்தா மீனா, சித்த நில்லுத்தா" என்று கூப்பிட்டார். காதில் விழாதது போல் ஓடினேன். பின்னாலேயே செருப்புச் சத்தம் வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் வேகமாகத்தான் ஓடினேன். தண்ணீர்த் தொட்டி தாண்டித் திரும்பிப் பார்த்தால், நடு ரோட்டில் ஒரு கையில் தூக்குவாளி, ஒரு கை நெஞ்சில், குனிந்து நிற்கிறார். நான் திரும்பிப் போகவில்லை. வளைவில் புகுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் முத்தையா மாமாதான் தூக்குவாளியைக் கொண்டுவந்தார். உளுந்தங்கஞ்சி, பாதிதான் இருந்தது. "மிச்சம் ரோட்டுல கெடக்கு. மெலிஞ்சு போயிட்டா, குடிச்சிட்டு ஓடட்டும்னு விடியக்காலம் எந்திரிச்சுக் காச்சுச்சு உங்கத்தை. நீ என்னத்தா, போலீசு வெரட்டுன மாதிரி ஓடுற" என்றார்.

நேற்று நீங்கள், அம்மாவுக்கு நாலைந்து நாளாக மூச்சு வாங்குதாம், கேட்டால் ஒண்ணுமில்லை என்கிறார், நீ போய்ப் பார்த்தியா என்று கேட்டீர்கள். போனைப் பிடித்த கை கூசியது. அத்தை உங்களிடம் எதையும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது. என் இதயத்துக்காக நீங்கள் பயந்துகொண்டிருக்க, நான் உங்கள் அம்மாவை ஓட வைத்திருக்கிறேன்.

தூக்குவாளி இன்னும் அடுப்பு மேடையில்தான் இருக்கிறது. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று சொல்லித் தந்ததே அத்தைதான். என்ன போடுவது என்று தெரியாமல் கழுவிக் கழுவி வைக்கிறேன். இன்றைக்குச் சீனி போட்டு வைத்திருக்கிறேன், சரியாக இருக்குமா? நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஓடப் போவதில்லை. பூஜாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே போகிறேன். அவர் எது சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அப்படியே டாக்டரிடமும் கூட்டிப் போகிறேன்.

எனக்காகப் பயந்து லீவைச் செலவழிக்க வேண்டாம். பொங்கலுக்கு வாருங்கள். என்னோடு அந்தத் தெருவில் மெதுவாக ஓட ஒரு ஆள் வேண்டும்.

நான் போகும் வழி உங்கள் போனில் தெரியும்படி இன்று திறந்து வைத்துவிட்டேன். காலையில் வாட்ச் கட்டிக்கொண்டுதான் போவேன். உங்கள் வீட்டு வாசலில் என் வழிக் கோடு நகராமல் நின்றுவிட்டால் பயப்படாதீர்கள், கூப்பிடவும் வேண்டாம். நிற்காமல் தாண்டிப் போனேன் என்றால் மட்டும் உடனே கூப்பிட்டு, என்னைத் திட்டித் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மன்னிப்பைக் கேட்கவும் கூசும்,
மீனாம்பிகை.