நேர்ந்துவிட்ட பெயர்

லெஸ்வோஸ் தீவு, 1961 மார்ச் 12

அன்பு மருமகள் எவாந்தியாவுக்கு,

என் கண் மங்கியதை எழுதியிருந்தேனே, இப்போது கழுகுப் பார்வை. கண் கொடுக்கும் புனித பரஸ்கெவி முன்னால் மண்டியிட்டு, "தாயே, பார்வையைக் கொடு, என் மருமகள் பிள்ளையை உனக்கே நேர்ந்துவிடுகிறேன், உன் பெயரையே வைக்கிறேன்" என்றேன். அன்றைக்கே கடலுக்கு அந்தப் பக்கம் துருக்கிக் கரையில் மேய்ந்த ஆட்டின் தாடி தெரிந்தது. வெள்ளிக் கண்மலர் சாத்தினேன், ஊரே திரண்டது. ஞானத்தகப்பன் நான்தானே, ஞானஸ்நானத் தொட்டியருகே பெயர் சொல்வதும் நான்தான். நீ வழக்கப்படி, பெயர் சொல்லி முடியும்வரை கோயில் முற்றத்தில் நின்றால் போதும்.

மாமா ஸ்த்ராதிஸ்

ஏதென்ஸ், மார்ச் 20

அன்புள்ள மாமா,

நேர்ந்துவிட உங்களிடம் கழுதை இருக்கிறதே, என் மகள்தானா கிடைத்தாள்? அவள் வயிற்றில் இருந்தபோதே லெமோனியா. போன வருடம் நம்மை விட்டுப்போன என் அம்மா பெயர், உங்கள் அக்கா பெயர். ஆசையோடு சொல்வீர்கள் என்றுதான் உங்களை ஞானத்தகப்பனாக இருக்கக் கேட்டேன். வேறு ஆளைக் கூப்பிட்டால் ஊரில் உங்களுக்குத் தலைகுனிவு. எப்படித் திரும்பினாலும் சுவர்.

உங்கள் கடிதத்தில் வரிமேல் வரி ஏறிக் கிடக்கிறது. நிஜமாகவே தெரிகிறதா மாமா?

எவாந்தியா

லெஸ்வோஸ், ஏப்ரல் 2

மருமகளே,

உனக்கு மட்டும் சொல்கிறேன். தெரியவில்லை. கோயிலிலிருந்து வந்ததும் காப்பிக்கடை மனோலிஸ், "என்ன கிழவா, கண்ணு வந்துதா?" என்றான். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "ஆட்டுத் தாடியே தெரியுதுடா" என்று விட்டேன். சாமியார் ஓடிப்போய் மணி அடித்துவிட்டார். இப்போது கண் தெரியாதவர்களை என் வாசலுக்குக் கூட்டி வருகிறார்கள். தடி பிடிக்க வழியில்லை, டாக்டரிடம் போக வழியில்லை. அந்தப் பெயரையும் சொல்லிவிட்டால் சாகும்வரை பார்க்கிறவனாகவே நடிக்கணும்.

ஸ்த்ராதிஸ்

ஏதென்ஸ், ஏப்ரல் 14

மாமா,

அம்மா பெயரையே சொல்லுங்கள். வாக்கு மீறினான், பரஸ்கெவித் தாய் கண்ணைத் திரும்ப எடுத்துக்கொண்டாள் என்று ஊர் பேசும். அப்புறம் தைரியமாகத் தடி எடுக்கலாம், டாக்டரையும் பார்க்கலாம். ஆனால் ஏச்செல்லாம் உங்கள் தலையில்தான். தாங்குவீர்களா?

எவாந்தியா

லெஸ்வோஸ், ஜூன் 9

அன்பு மருமகளே,

நீயும் குட்டி லெமோனியாவும் கப்பலேறின மறுநாளே டாக்டரைப் பார்த்தேன். வலது கண் தப்பிக்குமாம். இடது கண்ணுக்கு, குளிர்காலத்திலேயே வந்திருக்கணும் என்றார்.

பெயரைச் சொன்ன நொடியில் கோயிலுக்குள் மின்னல் வெட்டி என் கண்ணைப் பறித்ததாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். அங்கேயே நின்றவர்கள்கூட மின்னலைப் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறார்கள். பாவம் முழுவதும் என்னுடையது, பிள்ளைமேல் ஒரு பேச்சு வராது. மனோலிஸ் எனக்குக் காப்பி ஊற்றுவதில்லை. தெருவில் என்னைக் கண்டால் சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள்.

தடியோடு நடக்கிறவனுக்கு அது சௌகரியமாகத்தான் இருக்கிறது.

மாமா ஸ்த்ராதிஸ்