இருமல் இருக்கிற ரெக்கார்டிங்

என் பியானோ பைத்தியத்துக்கு,

பேசினா இருமல் அதிகமாவுதுனு ஆஸ்பத்திரியில நர்ஸம்மா உன் போனை வாங்கி வச்சுட்டாங்களாமே. அதான் எழுதறேன்.

இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு. குப்பத்துல வெயில் நல்லா அடிக்குது, காயப்போட்ட நெத்திலி ஒரே நாள்ல காஞ்சுடுது.

நீ கப்பல் வேலையில இருந்து கொண்டாந்த பாட்டுங்களைத்தான் போட்டுனு இருக்கேன். அந்த பியானோ கச்சேரி ரெண்டு விதமா இருக்குதே, ஒண்ணு ஸ்டுடியோவுல எடுத்தது, ஒண்ணு ஜனங்க முன்னாடி வாசிச்சது. ரெண்டாவதுலதான் உசிரு இருக்குதுனு சொல்லுவ. ஆனா ஆர்க்கெஸ்ட்ரா மொத்தமும் அடங்கி, பியானோ மட்டும் மெதுவா போற எடத்துல எவனோ இருமுவான். "காசு குடுத்து வந்து இருமறான் பாரு"னு திட்டிட்டு ஸ்டுடியோவுக்கு மாத்திடுவ. நானும் அதத்தான் போட்டுனு இருந்தேன்.

போன வாரம் தெரியாம மத்தத போட்டுட்டேன். இருமல் சத்தம் வந்ததும் பக்கத்து ஊட்டு மரியம்மாக்கா மீன் கழுவுன கையோட ஓடியாந்து, "இன்னாடி, வந்துட்டானா?"னு கேட்டுச்சு. "இல்லக்கா, பாட்டு"ன்னேன். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து கடைசி வரைக்கும் கேட்டோம்.

அதுலேருந்து அதேதான் ஓடுது. ஸ்டுடியோது ரொம்ப சுத்தமா இருக்குதுய்யா. ஊடும் அப்படித்தான் கெடக்குது.

அந்த மெதுவான எடம் வந்தா, நான் கேக்கறது கெட்டுடும்னு நீ வெளிய வலை பக்கம் போய் இருமிட்டு வருவ. திரும்பி வந்தா அப்படிப் போவாத. என் பக்கத்துலயே உக்காந்து இருமு.

வால்யூமைக் கூட்டி வச்சுனு இருக்கிற,
உன் ஊட்டுக்காரி