உள்ளங்கையில் டீத்தூள்

இன்று காலையில் டீத்தூள் பொட்டலத்தைப் பிரித்தபோது கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டிவிட்டது. கை தானாக வாயருகே போனது. 'ப்பா' என்றேன். தூள் பறந்தது. உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தேயிலை விலை விழுந்து, சேரம்பாடியில் நீங்கள் வேலை பார்த்த ஃபேக்டரியைப் பூட்டிய வருடம் அது. எஸ்டேட் லயத்து வீடுகளில் ஆண்களெல்லாம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, நீங்கள் மட்டும் நம் செல்வியை எதிரே உட்காரவைத்துக்கொண்டீர்கள். அவளுக்கு ஏழு வயது. காதில் கருவி மாட்டியும் ஒலிகள் அவளுக்குக் குழம்பின. நம் உதட்டைப் பார்த்தே பேசப் பழகினாள். உதட்டில் 'அம்மா'வும் 'அப்பா'வும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உங்களையும் 'அம்மா' என்றே கூப்பிட்டாள். "ஒனக்கு ரெண்டு அம்மாவாடி?" என்று லயமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். உள்ளே வலித்தது எனக்குத் தெரியும்.

அவள் உள்ளங்கையில் தூளை வைத்து வாயருகே பிடித்தீர்கள். "'ம' சொன்னா தூள் கெடக்கும். 'ப' சொன்னா பறக்கும், பாரு." பத்துத் தடவைக்கு ஒருமுறை பறந்தது. "பறந்திருச்சு புள்ள!" என்று அடுப்படிக்கு ஓடிவந்து என்னிடம் கத்தினீர்கள்.

பிறகு மரக்கிளை வெட்டும் கூலி வேலைக்குப் போனீர்கள். ஒருநாள் அவளும் உங்களோடு வந்தாள். மேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என்னிடம் மூச்சிரைக்க ஓடிவந்து கூடையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா! அம்மா!" உள்ளங்கையை வாயருகே கொண்டுபோய்க் கொண்டுபோய்க் காட்டினாள். பசி என்று நினைத்தேன். "இருடி, இந்த நெரைய முடிச்சிட்டு வாறேன்" என்று கைகாட்டி உட்காரவைத்தேன். அழுதாள். அதட்டினேன், பாவி.

அந்தச் செடி நிரை முடிந்து திரும்பினேன். கை இன்னும் வாயருகேதான் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. அவள் சோறு கேட்கவில்லை, உங்களைச் சொல்லியிருக்கிறாள்.

மரத்தடிக்கு ஓடிவந்தபோது, வெட்டிய கிளையோடு விழுந்து கிடந்த உங்கள் உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை. "ஒடனே வந்திருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டாரு" என்றார்கள் ஆஸ்பத்திரியில். நான் நம்பவில்லை. அவள் யாரையாவது கூட்டிவருவாள் என்று மேட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தீர்களோ என்னவோ.

இப்போது உங்கள் படத்தைப் பார்த்து 'அப்பா' என்று சுத்தமாகச் சொல்கிறாள். 'அம்மா' என்று அவள் குரல் கேட்டால், அடுப்பில் எது இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறேன். ஒவ்வொரு முறையும் அவள் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.