ஏரிக்கரைக்கு எந்த வழியாக வருகிறோம் என்றால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயே ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகும் உன்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட வருகிறது, இனிமேல் மாற்றிக்கொள்ள எனக்கு வாய் வராது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியமாக இருக்கிறோம், அவள் முழங்கால் மட்டும் படி ஏறும்போது கொஞ்சம் முனகுகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறீர்களா, பேரன் உங்களைத் தூங்க விடுகிறானா என்று தெரிந்தால் எங்களுக்கு நிம்மதி. ஏழு மாதமாக அவனை போன் திரையிலேயே பார்த்துப் பார்த்து, அவன் ஒரு சாண் நீளம்தான் இருப்பான் என்று உன் அம்மா நம்ப ஆரம்பித்துவிட்டாள். ஏரிக்கரை ஊரில் ஐந்து நாளுக்கு வீடு எடுத்திருக்கிறேன், நாங்கள் இந்தப் பக்கத்திலிருந்து விமானத்தில் வருகிறோம், நீங்கள் அந்தப் பக்கத்திலிருந்து வந்துவிடுங்கள் என்று நீ சொன்ன நாளிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. எதில் வருகிறீர்கள் என்று மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று மழுப்பினேன். அதற்குக் காரணம் இருக்கிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போனை எடுத்தால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள், நான் தொடங்கிய வாக்கியத்தை அவளே முடித்தும் விடுகிறாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் போட்ட திட்டம் நம் காரிலேயே வருவது. அந்த ஊருக்கு இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு வழி சொல்ல ஆள் வேண்டுமா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டயர் மாற்றினேன், பிரேக் பார்த்தேன், பின் சீட்டில் உன் அம்மா கால் நீட்டிக்கொள்ள ஒரு சின்ன மெத்தைகூடத் தைக்கக் கொடுத்தேன். மறுநாள் காலை ஒரு வெள்ளோட்டமாக இருக்கட்டும் என்று அவளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினேன். நீ படித்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே, பிள்ளைகளைச் சாலை கடத்திவிட ஒரு அம்மாள் கையில் பலகையோடு நிற்பாளே, நினைவிருக்கிறதா, இப்போதும் அவள்தான் நிற்கிறாள். அன்றைக்கு இடது ஓரத்திலிருந்து பலகையைத் தூக்கிக்கொண்டு சாலையில் இறங்கியிருக்கிறாள், பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள். எனக்கு அவள் தெரியவே இல்லை பாப்பா. எதன் மறைவிலாவது நின்றாள் என்றோ, நான் வேறு எங்கோ பராக்குப் பார்த்தேன் என்றோ சொல்ல முடியாது. அந்த இடத்தில் யாருமே இல்லாத மாதிரி இருந்தது. உன் அம்மா "நிறுத்துங்க" என்று போட்ட சத்தத்தில் கால் தானாகப் பிரேக்கில் விழுந்தது. வண்டி நின்றபோது அந்தப் பலகைக்கும் வண்டி மூக்குக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். அவள் என்னைத் திட்டவில்லை. பிள்ளைகளை எல்லாம் அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி வந்து ஜன்னலில் குனிந்து, "நீங்களா? உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. முப்பத்தொரு வருஷ வேலையில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான், உனக்குத் தெரியும். வீடு வரும்வரை உன் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, அவள் பேசாமல் இருந்தால் விஷயம் எவ்வளவு பெரியது என்றும் உனக்குத் தெரியும்.

அந்த வாரமே அவளிடம் சொல்லாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, நடுவில் இருக்கும் புள்ளியையே பாருங்கள், ஓரத்தில் வெளிச்சம் வந்தால் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். வலது கண்ணுக்கு டக் டக்கென்று அழுத்தினேன். இடது கண்ணுக்கு மாற்றியதும் வெகுநேரம் ஒரு பக்கம் விளக்கே வரவில்லை. மெஷின் ரிப்பேர் போலிருக்கிறது, பாவம் இந்தப் பெண் கவனிக்கவில்லை என்று நினைத்து, "அம்மா, இந்தப் பக்கம் பல்பு போயிடுச்சு போல" என்று சொன்னேன். அந்தப் பெண் காகிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி இடது ஓரப் பார்வை போய்விட்டதாம். போனது திரும்பாது, தினமும் சொட்டு மருந்து விட்டால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம், படிக்கலாம், எழுதலாம், நடக்கலாம், எல்லாம் செய்யலாம், "ஓட்டுறதை மட்டும் இன்னையோட நிறுத்திடுங்க" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், கண்ணில் கொஞ்சம் வறட்சி, சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். பிறகு திடீரென்று ரயிலைப் புகழ ஆரம்பித்தேன். ரயிலில் காலாற நடக்கலாம், ரயிலில் கழிப்பறை உண்டு, காரில் ஏதோ ஒரு சத்தம் வருகிறது, மலையில் நின்றுவிட்டால் வம்பு என்று நாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அவளும் உம் கொட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று என் முன்னால் வந்து காப்பியை வைத்தாள், அது ஆறிப்போயிருந்தது. "நாலு நாளா இடது பக்கமா வந்து காப்பியோட நிக்கிறேன், ஒரு நாளும் நீங்க திரும்பிப் பார்க்கல. இன்னும் எத்தனை நாளைக்கு வறட்சின்னு சொல்லப் போறீங்க?" என்றாள். அதற்குமேல் எதை மறைப்பது. எல்லாவற்றையும் கொட்டினேன். கொட்டிவிட்டுப் பெரிய ரோஷக்காரன் மாதிரி அவளிடம், நீ உன் தங்கையோடு ரயிலில் போய்விட்டு வா, நான் ஒரு லக்கேஜ் மாதிரி வர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். "லக்கேஜ் இவ்வளவு பேசாது" என்று சொல்லிவிட்டு அவள் காப்பியைச் சூடு பண்ண எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று மத்தியானமே பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் கோடு போட்டு உட்கார்ந்துவிட்டாள். ரயில் என்றால் ஏரியின் எதிர்க்கரையோடு நின்றுவிடும், அங்கிருந்து நாற்பது நிமிஷம் மோட்டார் படகு. உன் அம்மாவுக்கு வாளியில் இருக்கும் வரைதான் தண்ணீர் மேல் நம்பிக்கை, படகு என்ற வார்த்தையை எழுதிவிட்டு அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்தாள். மாடி வீட்டு மருந்துக்கடை அம்மாள் தானே காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றாள், தங்கமான மனசு, ஆனால் அவள் முட்டைக் கூடை ஏற்றின மாதிரி ஓட்டுவாள், நாங்கள் வந்து சேர்வதற்குள் பேரன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிடுவான். மிச்சம் இருந்தது நேர் பஸ், கணவாய் வழியாக எட்டு மணி நேரம். அதுதான் சரி என்றாள். எனக்கோ அது ஒன்றுதான் ஆகாது. என் ரோட்டில், என் வளைவுகளில், வேறு ஒருவர் ஓட்ட நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா. இதை வாய்விட்டுச் சொல்லவும் வெட்கம், சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அவள், "பாதி வழி போய்ப் பார்ப்போம். முடியலைன்னா இறங்கிடலாம், யாரு கேட்கப் போறா" என்றாள்.

அப்படித்தான் போன செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் மலைமேல் முதல் நிறுத்தம் வரைக்கும் டிக்கெட் எடுத்து ஏறினோம். டிரைவர் ஒரு பெண், முப்பத்தைந்து வயசு இருக்கும், தலைமுடியை இறுக்கக் கட்டி, காதில் ஒன்றும் மாட்டாமல், பார்த்தாலே கவனமான ஆள் என்று தெரிந்தது. தெரிந்து என்ன செய்வது, என் வலது கால் அவளை நம்பவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் தரையை மிதித்தேன். எதிரே லாரி வந்தால் மிதித்தேன், மாடு வந்தால் மிதித்தேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து உன் அம்மா தன் செருப்புக் காலைத் தூக்கி என் கால்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள், மலை முழுக்க அப்படியே வந்தோம். மேலே நிறுத்தத்தில் இறங்கியதும் இவள் நேரே அந்த டிரைவரிடம் போய், இவர் இந்த ரூட்டில் இருபத்திரண்டு வருஷம் ஓட்டினவர், வழியெல்லாம் பிரேக் போட்டுக்கொண்டே வருகிறார் என்று போட்டு உடைத்துவிட்டாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டு, "கண்ணாடியில பார்த்தேன் சார். யாரோ பின்னாலேர்ந்து என் பஸ்ஸை ஓட்டிட்டு வர்றாங்கன்னு நினைச்சேன்" என்றாள். பிறகு, அந்தப் பாறை வளைவில் நீங்கள் எந்த கியரில் வருவீர்கள் என்று கேட்டாள். மூன்றாவது என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். "நான் ரெண்டாவதுல வர்றேன் சார், மூணாவதுல வந்தா பின் சீட்டுல இருக்கிறவங்க வயித்தைப் பிடிச்சுக்கிறாங்க" என்றாள். சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷமும் பின் சீட்டில் என்ன நடக்கிறது என்று நான் ஒரு நாளாவது எழுந்து போய்ப் பார்த்தேனா. எங்கள் காலம் மாதிரி இல்லை, இப்போது அந்த நிறுத்தத்தில் டிரைவர்கள் வண்டி மாறிக்கொள்கிறார்கள். திரும்புவதற்கு ஒரு மணி நேரம் கழித்து வந்த பஸ்ஸில் ஏறப் போனால், அவளே "கீழ போற வண்டியும் நான்தான் ஓட்டுறேன், ஏறிக்கோங்க" என்றாள். அதே பாறை வளைவில் இரண்டாவது கியரில் இறங்கினாள் பாப்பா, வண்டி தொட்டில் மாதிரி திரும்பியது. என் கால் சும்மா இருந்தது. உன் அம்மாவும் அதைக் கவனித்திருக்கிறாள், மெதுவாகத் தன் காலை எடுத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அந்த வளைவுக்குக் கீழே ஒரு ஓடை போகிறது, அதன் பக்கத்தில் நீலக் கதவு போட்ட ஒரு வீடு, வாசலில் துணி காய்கிறது. எத்தனை ஆயிரம் தடவை அதைக் கடந்திருப்பேன், அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆகவே முடிவு இதுதான். நாங்கள் பஸ்ஸில் வருகிறோம். வியாழக்கிழமை காலை ஏழு மணி வண்டி, மத்தியானம் மூன்று மணிக்கு அங்கே. வலது பக்கத்து சீட்டாகக் கேட்டு வாங்கிவிட்டேன். கணவாய் உச்சி தாண்டியதும் வலது பக்கம் ஏரி தெரியும், அந்த இடத்தில் பஸ்ஸே "ஆ" என்று ஒரு சத்தம் போடும். அந்த "ஆ"வை மட்டும்தான் நான் கேட்டிருக்கிறேன். அங்கே ரோடு குறுகல், கண்ணை எடுக்க முடியாது, ஊர் போய்ச் சேர்ந்தால் பஸ் நிலையம் மேட்டில் இருக்கிறது, கிடைக்கிற நாற்பது நிமிஷத்தில் சாப்பிட்டு முதுகைச் சாய்த்தால் திரும்ப வேண்டிய நேரம் வந்துவிடும். ஏரி எப்படி இருக்கும் என்று உன் அம்மா கேட்ட போதெல்லாம் பெரிசா இருக்கும் என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன். திரும்பும்போது படகும் ரயிலுமாகப் போகலாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள், நீங்க ஒண்ணு விட்டுக் கொடுத்தீங்க, நானும் ஒண்ணு விட்டுக் கொடுக்கிறேன் என்று. படகில் அவள் கையை யார் பிடித்துக்கொள்வது என்று மட்டும் இன்னும் தீர்மானம் ஆகவில்லை, என் கையில் ஏற்கனவே நகக்குறி நிறைய இருக்கிறது. கார் சாவியை மாடி வீட்டு அம்மாளிடம் கொடுத்துவிட்டேன். கொடுத்த அன்றைக்கு மனசு கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் அவள் ரிவர்ஸ் எடுக்கும் அழகைப் பார்த்துச் சிரித்ததில் பாதி சரியாகிவிட்டது.

நீ பயப்படாதே, இன்டர்நெட்டில் தேடிப் பார்த்து அழாதே. மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். ஆனால் ஒன்று, இது குடும்பத்தில் வருகிற சமாச்சாரம் என்று டாக்டர் சொன்னார், நீயும் ஒரு தடவை கண்ணில் அழுத்தம் பார்த்துவிடு, தள்ளிப் போடாதே, நான் தள்ளிப் போட்டதுதான் இவ்வளவும். ஏரிப் பக்கம் மத்தியானத்துக்கு மேல் காற்று அடிக்கும் என்று அந்த டிரைவர் சொன்னாள், பேரனுக்குக் காது மூடுகிற தொப்பி எடுத்துக்கொள். அந்த வீட்டில் அம்மாவுக்குக் கீழ்த்தளத்து அறையாகப் பார். நேரத்துக்குச் சாப்பிடு. எங்களை அழைக்க மேட்டுக்கு டாக்ஸி எல்லாம் அனுப்ப வேண்டாம், நீங்களே நடந்து வந்தால் போதும்.

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே. பஸ்ஸை விட்டு நான் இறங்கியதும் ஓடி வந்து அவனை என் கையில் கொடுப்பாய் அல்லவா, வலது பக்கமாக வந்து கொடு. முதல் தடவை பார்க்கிறேன், கால் விரல் வரைக்கும் முழுசாகப் பார்க்க வேண்டும்.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா